தொலைவும் ஆற்றுகையும்: நாடகச் சிகிச்சையாளரின் பணி – அகமரபு நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நடிப்பின் வழியாக உளத்துயரைத் தணிக்கும் தொழில்முறைப் பணி நாடகச் சிகிச்சை எனப்படும். அடக்கிவைத்த உணர்ச்சியைக் கொட்டித் தீர்க்கச் செய்வதே அப்பணி என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. துயருற்றவருக்கும் அவர்தம் துயருக்கும் இடையே தாங்கத்தக்கதொரு தொலைவை அமைத்துத் தருவதே அப்பணியின் உயிர்நிலை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடு, பெயர் சுட்டாமை, கூற்று ஆகியனவும், சங்கப் பாடல்களின் வெறியாட்டுத் துறையும், தெருக்கூத்தின் திரைமரபும் இத்தொலைவைத் தமிழில் விளக்கத் துணைபுரிகின்றன. ஈழத்துப் போர்ச்சூழலில் உருவான அரங்க முயற்சிகளின் பின்னணியில், சிகிச்சையாளரின் பொறுப்பும் அதன் எல்லையும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நாடகச் சிகிச்சை, உளநாடகம், தொலைவு, மெய்ப்பாடு, கூற்று, வெறியாட்டு, ஆற்றுகை.

1. முன்னுரை

கூத்தும் சடங்கும் மனநோய் தீர்க்கும் ஆற்றலுடையவை என்னும் கருத்து தமிழ் நாடக ஆய்வில் பலகாலமாக வழங்கி வருகிறது. பேயோட்டும் சடங்கு, திரௌபதி அம்மன் திருவிழாவின் படுகளம், ஒப்பாரி ஆகியன இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. மேலைநாட்டார் அண்மையில் கண்டதை நம் முன்னோர் என்றோ கையாண்டனர் என்பது அவ்வாய்வுகள் பெரும்பாலும் சென்றடையும் முடிபு. பெருமிதம் தரும் இம்முடிபு ஒரு வினாவைத் தொடாமல் விட்டுவிடுகிறது: துன்புற்ற ஒருவரை அத்துன்பத்தையே நடிக்கச் செய்தால் அது தணியுமா, மிகுமா?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நாடகம் பயின்றோர் பள்ளிகளிலும் மறுவாழ்வு இல்லங்களிலும் போரால் சிதைந்த ஊர்களிலும் உளநலப் பணிக்கு அழைக்கப்படும் காலம் இது. அவர்களுட் பலர் நாடகம் அறிந்தவர்கள், சிகிச்சை பயிலாதவர்கள். நல்லெண்ணத்தோடு செய்யும் பணியே ஆறிவந்த புண்ணைக் கீறிவிடவும் கூடும். எனவே நாடகம் எப்போது மருந்தாகிறது, எதனால் ஆகிறது என்பதைத் தெளிவாக வரையறுத்தல் தேவையாகிறது.

2. நாடகச் சிகிச்சை: தோற்றமும் பணியும்

நாடகத்திற்கும் உள்ளத் தூய்மைக்கும் உள்ள உறவைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 'கதார்சிஸ்' என்னும் சொல்லால் குறித்தார். அவர் கருத்தில் இரக்கமும் அச்சமும் எய்துபவர் அவல நாடகத்தைக் காண்பவர். இருபதாம் நூற்றாண்டில் இப்பார்வை காண்போரிலிருந்து நடிப்போரை நோக்கித் திரும்பியது. 1889இல் புக்காரெஸ்டில் பிறந்த ஜேக்கப் லெவி மொரீனோ, 1920களின் தொடக்கத்தில் வியன்னாவில் எழுத்துப் பனுவல் இல்லாத உடனிகழ் நாடக அரங்கினை நடத்தினார். மேடையில் மென்மையான பாத்திரங்களையே ஏற்றுவந்த நடிகை ஒருவர் இல்லத்தில் கணவரிடம் கடுஞ்சினம் காட்டிவந்தார் என்றும், முரட்டுப் பாத்திரங்களை மேடையில் ஏற்கச் செய்தபின் அவர்தம் இல்லச் சினம் குறைந்தது என்றும் மொரீனோ பதிவு செய்துள்ளார். 1925இல் அமெரிக்கா சென்ற அவர், 1936இல் நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் நகரில் மருத்துவ இல்லம் ஒன்றை நிறுவி 'உளநாடக' முறையை வளர்த்தார். ஒருவர் தம் எதிராளியின் இடத்தில் நின்று பேசும் பாத்திர மாற்றம், அவர் சொல்லத் தயங்குவதை மற்றொருவர் அருகிருந்து சொல்லும் இரட்டையர் உத்தி, தம் செயலைப் பிறர் செய்துகாட்டத் தாமே காணும் கண்ணாடி உத்தி முதலியன அம்முறையின் கருவிகள்.

பிரிட்டனில் பீட்டர் ஸ்லேட் குழந்தைகளின் இயல்பான விளையாட்டிலிருந்து நாடகச் சிகிச்சையை நோக்கிச் சென்றார். அவருடைய 'சைல்ட் டிராமா' என்னும் நூல் 1954இல் வெளிவந்தது. 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இத்துறைக்கெனத் தொழில்முறைச் சங்கங்கள் தோன்றின. இன்று பிரிட்டனில் 'டிராமாதெரபிஸ்ட்' என்னும் பெயர் சட்டப் பாதுகாப்புடையது. உரிய பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவரே அப்பெயரைப் பயன்படுத்தலாம். நாடகம் தெரிந்திருத்தல் மட்டும் இப்பணிக்குப் போதாது என்பதை இந்நடைமுறையே உணர்த்துகிறது.

உளநாடகமும் நாடகச் சிகிச்சையும் நெருங்கிய உறவுடையன, எனினும் ஒன்றல்ல. உளநாடகத்தில் ஒருவர் பெரும்பாலும் தம் வாழ்க்கையையே நேரடியாக நடிக்கிறார். நாடகச் சிகிச்சையில் கதை, முகமூடி, பொம்மை, தொன்மம், கற்பனைப் பாத்திரம் ஆகியன இடையே வந்து நிற்கின்றன. இவ்விடைநிலைப் பொருள்களின் பயன் யாது என்பதே அடுத்து ஆராயத்தக்கது.

3. தொலைவு என்னும் கோட்பாடு

சமூகவியலாளர் தாமஸ் ஷெஃப் 1979இல் வெளியிட்ட நூலில் சிகிச்சை, சடங்கு, நாடகம் மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்து, உணர்ச்சிக்கும் அதை உடையவருக்கும் இடையே மூவகை உறவு உண்டு என்றார். பழந்துயர் நினைவிருந்தும் உணர்ச்சி எழாதிருத்தல் மிகுதொலைவு. பழந்துயர் இப்போதே நிகழ்வதுபோல் ஒருவரை முற்றாக விழுங்குதல் குறைதொலைவு. இரண்டிற்கும் இடையில், உணர்பவரும் தாமே, அதைக் காண்பவரும் தாமே என நிற்கும் நிலை அழகியல் தொலைவு. உள்ளம் தெளிவது இந்நடுநிலையில்தான் என்பது ஷெஃப் கண்ட முடிபு.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நாடகச் சிகிச்சைக் கல்வியை வளர்த்த ராபர்ட் லாண்டி, இக்கருத்தைப் பாத்திரக் கோட்பாட்டோடு இணைத்தார். பாத்திரம், அதற்கு எதிர்ப்பாத்திரம், இரண்டையும் இணைக்கும் வழிகாட்டி என்னும் மூன்றும் அவர் கோட்பாட்டின் தூண்கள். ரெனே எமுனா 1994இல் வகுத்த ஐந்து படிநிலைகளும் இவ்வகையில் கருதத்தக்கன. விளையாட்டில் தொடங்கி, கற்பனை மாந்தரின் காட்சிகளை நடித்து, அதன்பின்னரே தம் வாழ்க்கைச் சூழலை நடிப்பதும், அதன் உச்சத்தை எட்டுவதும், இறுதியில் சடங்குபோன்ற நிறைவுச் செயலால் முடிப்பதும் அவ்வரிசை. தம் கதைக்குமுன் பிறர் கதை வருகிறது என்பது நோக்கத்தக்கது.

ஆகவே சிகிச்சையாளர் நெறியாளரைப்போல் காட்சியின் அழகை அளப்பவரல்லர், தொலைவை அளப்பவர். பங்கேற்பாளர் உறைந்து நின்றால் அவரை உணர்ச்சியின் அருகே கொணர்கிறார். அவர் உணர்ச்சியில் மூழ்கினால் முகமூடி ஒன்றைக் கையிலளித்தோ, காட்சியை நிறுத்தி அதைக் கதையாகச் சொல்லச் செய்தோ, வேறொருவரை நடிக்கச் செய்து அவரைக் காண்பவராக்கியோ தொலைவைக் கூட்டுகிறார்.

4. மெய்ப்பாடும் இடமாற்றப் பொருளும்

நடிப்பவன் செய்வது காண்பவரைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்னும் கருத்துடைய செயிற்றிய நூற்பாவை இளம்பூரணர் தம் உரையில் எடுத்துக்காட்டுகிறார். நாடகச் சிகிச்சையில் இப்பயணம் வளைந்து தொடங்கிய இடத்திற்கே மீள்கிறது. செய்பவரும் எய்துபவரும் அங்கு ஒருவரே.

இவ்வளைவு எவ்வாறு இயல்கிறது என்பதற்குப் பேராசிரியர் உரை துணைநிற்கிறது. சுவைக்கப்படும் பொருள், அதை நுகர்ந்த பொறியுணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, கண்ணீரும் மயிர்சிலிர்ப்புமாக உடலில் தோன்றும் சத்துவம் என நான்கு கண்ணிகளை அவர் பிரித்துரைப்பார். நாடகச் சிகிச்சை இச்சங்கிலியின் முதற் கண்ணியை மட்டும் மாற்றுகிறது. எடுத்துக்காட்டாக, தந்தையின் வன்முறைக்கு அஞ்சும் சிறுவன் ஒருவனைக் கொள்வோம். தந்தையைப் பற்றிப் பேசச் சொன்னால் அவன் வாய் திறவான். தந்தையாக நடிக்கச் சொன்னால் நடுங்குவான். காட்டில் புலியிடம் அகப்பட்ட முயலின் கதையை நடிக்கும்போது, அச்சத்திற்குரிய பொருள் மட்டுமே மாறியிருக்கிறது. நெஞ்சின் குறிப்பும் உடலின் நடுக்கமும் மெய்யானவை. ஆயினும் அவை தாங்கத்தக்க அளவின. முயலாக ஒளியவும், உதவி கேட்டுக் கூவவும், புலியை நோக்கிப் பேசவும் அவன் உடல் பழகுகிறது. இம்மாற்றுப்பொருளை 'இடமாற்றப் பொருள்' எனக் குறிக்கலாம்.

5. பெயர் சுட்டாமையும் பிறர்வாய்க் கூற்றும்

அகப்பாடல் மாந்தரை இயற்பெயரால் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. இது அகத்தின் பொதுமைக்காக அமைந்தது என்று கூறுவது வழக்கம். தொலைவு நோக்கில் இதற்கு மற்றொரு பயனும் உண்டு. பெயர் நீங்கியதும் துயர் எவருடையதும் ஆகிறது. அதனால் எவரும் நாணமின்றி அதனுள் நுழைய முடிகிறது. நாடகச் சிகிச்சையாளர் பங்கேற்பாளரின் பெயரையும் ஊரையும் நீக்கி 'ஓர் ஊரில் ஒரு பெண்' எனத் தொடங்கும்போது இதே பயனையே நாடுகிறார்.

கூற்று மரபு இன்னும் நுட்பமானது. பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என்னும் அறுவர் களவில் கூற்றுக்குரியர். பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என்போர் இவரோடு சேர்ந்து கற்பில் கூற்றுக்குரியர் என்கிறது செய்யுளியல். ஊரார், அயலார், சேரியார், தந்தை, தமையன் ஆகியோர் கூற்றுக்கு உரியரல்லர். அவர் சொல் பிறரால் எடுத்துரைக்கப்படலாம், அவ்வளவே. நோயின் பாங்கை அறிபவரும் இவ்வரிசையிலேயே வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. நோயை அறிந்தவர் என்பதனாலேயே ஒருவர்க்கு அகத்தில் பேசும் உரிமை வந்துவிடுவதில்லை. பேச்சு, துயருற்றவர்க்கும் அவர் அருகிருப்பவர்க்கும் உரியது. பங்கேற்பாளரின் துயருக்குச் சிகிச்சையாளர் தாமே விளக்கம் கூறிவிடலாகாது என்னும் இன்றைய நெறியோடு இது பெரிதும் ஒத்துச்செல்கிறது.

சங்கப் பாடல்கள் சிகிச்சையாகப் பாடப்பட்டன என்பது இவ்வொப்பீட்டின் கருத்தன்று. இரண்டும் ஒரே உளச்செயலைச் சார்ந்து நிற்கின்றன என்பதே இங்குக் கூறப்படுவது.

6. வெறியாட்டும் தோழியும்

நிகழ்த்துகை யாவும் நோய் தீர்க்கும் என்போர்க்கு அகமரபே மறுமொழி வைத்திருக்கிறது. காமநோயால் மெலிந்த தலைவியைக் கண்ட தாய், அது முருகணங்கு எனக் கொண்டு வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். களம் இழைக்கப்படுகிறது, பலி தரப்படுகிறது, வேலன் ஆடுகிறான். நிகழ்த்துகைக்கு வேண்டிய அனைத்தும் அங்குள்ளன. நோயுற்றவளின் சொல் மட்டும் இல்லை. ஆதலால் நோய் தீர்வதில்லை. நற்றிணை 34ஆம் பாடலில் தோழி முருகனையே முன்னிலைப்படுத்தி, தன்னால் வந்த நோயன்று என்பதை அறிந்தும் வெறிக்களத்திற்கு வந்த அவனது அறியாமையைச் சுட்டி வெறி விலக்குகிறாள்.

குறுந்தொகை 23ஆம் பாடல் வேறொரு வழியைக் காட்டுகிறது. ஔவையார் பாடிய அப்பாடலில் தோழி கட்டுவிச்சியைத் தடுக்கவில்லை. அவள் பாடிச்சென்ற பல மலைகளுள் தலைவனது மலையைப் பாடிய பாட்டை மீண்டும் பாடுமாறு கேட்கிறாள். அவ்வேண்டுகோளில் உண்மை வெளிப்படுகிறது. ஆயினும் தலைவியின் நாண் காக்கப்படுகிறது. பெயர் சொல்லப்படவில்லை, தலைவி வாய் திறக்கவில்லை, சடங்கும் கலையவில்லை. நடந்துகொண்டிருக்கும் நிகழ்த்துகையின் உள்ளிருந்தே அதைத் துயருற்றவள்பால் திருப்பிவிடுகிறாள் தோழி. வேலன் நோயாளியின்மீது நிகழ்த்துகிறான். தோழி நோயாளிக்காக நிகழ்வைத் திருப்புகிறாள். நாடகச் சிகிச்சையாளரின் பணி வேலன் பணியினும் தோழி பணிக்கே நெருக்கமானது.

7. கூத்தின் திரை

தெருக்கூத்தில் வேடம் புனைந்தவர் கையிலேந்திய திரையின் பின்னிருந்து, தம் பாத்திரத்தைப் படர்க்கையில் பாடி அறிமுகம் செய்த பின்னரே களத்தில் வெளிப்படுகிறார். நடிப்பவர் வேறு, பாத்திரம் வேறு என்பதைத் திரையும் படர்க்கையும் முன்னதாகவே அறிவித்துவிடுகின்றன. கட்டியங்காரன் இடையிடையே வேடிக்கை பேசி அவையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறான். லாண்டி கூறும் வழிகாட்டியின் இடத்தில் அவனை வைத்துக் காணலாம்.

படுகளத்திலும் துகில் காட்சியிலும் இத்தொலைவு சுருங்கி, நடிப்போரும் காண்போரும் ஆவேசம் கொள்வதுண்டு. அப்போது திருநீறும் கற்பூரமும் கொண்டு அவர்களை நிலைக்கு மீட்கும் வழக்கத்தைச் சமூகமே வைத்திருக்கிறது. ஆகவே கூத்தின் ஆற்றல் ஆவேசத்தில் மட்டும் இல்லை. அதிலிருந்து மீளும் வழி வகுக்கப்பட்டிருப்பதிலும் உள்ளது. மீட்கும் வழக்கத்தை விட்டுவிட்டு ஆவேசத்தை மட்டும் பயிலரங்கிற்குக் கொண்டுசெல்வது இடருடையது.

8. ஈழத்து அரங்கும் ஆற்றுதலும்

இவ்விடரும் இவ்வாற்றலும் ஒருங்கே வெளிப்பட்ட தமிழ்க்களம் ஈழம். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் மேடையேறியது. 1991இல் வந்த 'அன்னை இட்ட தீ' போரின் உளத்தாக்கத்தைப் பொருளாகக் கொண்டது. க. சிதம்பரநாதன் மக்கள் பாடியும் ஆடியும் தாமே பங்குகொள்ளும் அரங்க முறைகளை வளர்த்தார். போர் விளைத்த மனவடு தனியாளோடு நிற்பதன்று, குடும்பத்தையும் சமூகத்தையும் பற்றுவது என்பதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தம் ஆய்வுகளில் வலியுறுத்தினார். தனியறைச் சிகிச்சையொடு கூட்டு அரங்கும் வேண்டப்படுவதற்கு இப்பார்வை அடிப்படையாகிறது.

ஈழத் தமிழ் வழக்கில் நாடக நிகழ்த்துகைக்கு 'ஆற்றுகை' என்பது பெயர். சங்கப் பாடல்களின் துறைக்குறிப்புகளில் ஆற்றாமை, ஆற்றியிருத்தல், ஆற்றுவித்தல் என்பன துயரைத் தாங்குதலையும் தாங்கச் செய்தலையும் குறிக்கின்றன. உளவளத்துணைப் பணியை 'ஆற்றுப்படுத்தல்' என்பதும் ஈழ வழக்கு. வழி என்னும் பொருளுடைய 'ஆறு' என்னும் பெயரிலிருந்து வந்த இச்சொல்லின் வேர் வேறு. வேர்கள் ஒன்றென வாதிடாமலே, செய்தல், தாங்கச் செய்தல், வழிப்படுத்தல் என்னும் மூன்று பொருள்களும் ஒலியால் அடுத்தடுத்து நிற்பதைக் கலைச்சொல்லாக்கம் பயன்கொள்ளலாம்.

2009இல் போர் முடிந்தபின் எழுந்த வினா இன்னும் கடியது. அழுகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் இழவையும் ஒன்றாகத் தொல்காப்பியம் வைக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தார்க்கு அவ்விழவு உறுதிப்படவில்லை. உடல் கிடைக்கவில்லை, ஈமச்சடங்கு நிகழவில்லை, நம்பிக்கையும் அறவில்லை. உளவியலாளர் பாலின் பாஸ் இத்தகையதைத் தெளிவற்ற இழப்பு என வகைப்படுத்தினார். இழந்தவரை எதிரே இருப்பதாகக் கொண்டு பேசச் செய்யும் வெற்று நாற்காலி உத்தி பிற இழப்புகளில் பயன்படக்கூடும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் தாயை அந்நாற்காலிக்கு விடைகொடுக்கச் சொன்னால், அரசு விடையளிக்காத வினாவிற்குச் சிகிச்சையாளர் விடையளித்தவராகிறார். மகன் இறந்தான் என்னும் முடிபை அத்தாயின்மேல் ஏற்றுவது ஆற்றுதல் ஆகாது. அங்குச் செய்யத்தக்கது, விடையின்றியே வாழும் வலிமைக்கு இடமளிக்கும் காட்சிகளை அமைத்தலாகும். காத்திருக்கும் பெண்ணொருத்தியின் கதையைப் பலரும் சேர்ந்து புனையலாம். அதற்கு முடிவு இல்லாமலும் இருக்கலாம். நீதி கேட்கும் குரலை நோயின் அறிகுறியாகக் கொள்ளாதிருத்தலும் சிகிச்சையாளரின் அறமேயாகும்.

9. சிகிச்சையாளரின் பொறுப்பு

மேற்கூறியவற்றிலிருந்து அரங்க நிகழ்வையும் நாடகச் சிகிச்சையையும் பிரிக்கும் எல்லைகள் புலனாகின்றன. முதலாவது இசைவு. எதற்காகக் கூடுகிறோம் என்பதைப் பங்கேற்பாளர் அறிந்து உடன்பட வேண்டும். நடிக்க மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. இரண்டாவது மறைபொருள் காத்தல். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயுற்றவர் பற்றிய செய்திகள் காக்கப்படுதலை உரிமையாக வகுத்துள்ளது. சிகிச்சையில் உருவான காட்சியைப் பொதுமேடையேற்றி, நிழற்படம் எடுத்து வெளியிடுதல் இந்நெறிக்கு முரணானது. மூன்றாவது பாத்திரம் களைதல். வேடத்தைக் கழற்றி, தம் பெயரைச் சொல்லி, பாத்திரத்திற்கும் தமக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறி மீளச் செய்யாமல் அமர்வை முடித்தலாகாது. நான்காவது தம் எல்லையறிதல். தற்கொலை எண்ணமோ கடும் மனநோயோ புலப்படுமிடத்து உளமருத்துவரிடம் அனுப்புதல் கடமை.

10. முடிவுரை

நாடகச் சிகிச்சை உணர்ச்சி வெளியேற்றத்தினும் தொலைவு அமைத்தலையே சார்ந்து நிற்கிறது. அகமரபின் பெயர் சுட்டாமையும் கூற்று வகுப்பும் இத்தொலைவின் இயல்பைத் தமிழில் விளக்கவல்லன. துயருற்றவரின் குரலைக் கேளாத நிகழ்த்துகை நோய் தீர்ப்பதில்லை என்பதை வெறியாட்டுத் துறைப் பாடல்கள் உணர்த்துகின்றன. தெருக்கூத்து ஆவேசத்திற்குரிய களத்தோடு அதிலிருந்து மீளும் வழியையும் உடையது. கூத்து மருந்தாகிறது என்னும் கூற்றை, யார், எவரது இசைவோடு, எத்தொலைவில், எவ்வகை மீட்சியோடு நிகழ்த்தும்போது ஆகிறது என்னும் வினாவாக மாற்றியமைத்தல் தமிழ் நாடக ஆய்வின் அடுத்த கடமை. நாடகம் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் தம் பாடத்திட்டத்தில் இசைவு, பாத்திரம் களைதல், எல்லையறிதல் ஆகியவற்றைப் பயிற்சியாகச் சேர்த்தலும், உளவியல் துறையினரோடு இணைந்து அப்பயிற்சியை நடத்துதலும் இவ்வாய்வு முன்வைக்கும் பரிந்துரைகளாகும்.